சுரங்கத்து ஊரில் பந்தக்கால்

1957 மே 20 அன்று நெய்வேலியில் சுரங்கம் வெட்டும் பணியை ஜவாஹர்லால் நேரு தொடங்கிவைத்தார். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்றுதான் உருவாகியிருந்தது. ஆறு மாதக் குழந்தை. கத்திரி வெயில் கொளுத்தும் நாளில், செம்மண் மேட்டில், நாட்டின் பிரதமர் வருகிற விழா. இன்று ஊர்க்காரர்களுக்கு விழா என்றதும் நினைவுக்கு வரும் லிக்னைட் அரங்கமோ பாரதி விளையாட்டரங்கமோ அன்று கிடையாது. நகரியமே கிடையாது. நேரு தொடங்கிவைத்த பள்ளத்தில் நிலக்கரிப் படலம் கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். ஆக, நெய்வேலியில் விழா முதலில் நடந்தது. கரி நான்கு ஆண்டு கழித்துத்தான் வந்தது.

ஜம்புலிங்க முதலியார் 1930களில் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கியபோது கரிய பொருள் மேலே வந்த கதையைக் கடலூர் மாவட்டத்துப் பள்ளிப்பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். சோவியத் உதவியோடு 1962இல் முதல் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது, பிறகு அனல்மின் நிலையங்கள் அடுக்கடுக்காக எழுந்தது எல்லாம் நிறுவன வரலாற்றில் வரிசையாகப் பதிவாகியிருக்கிறது. அந்த வரலாறு டன்னிலும் மெகாவாட்டிலும் ஓடும். இந்த ஊரில் மனிதர்கள் எப்படி ஒன்றுகூடினார்கள், கூட்டத்துக்கு இடம் பிடித்தது யார், பந்தல் போட்டது யார், மைக் கட்டியது யார் என்பதற்கு அதில் பத்தி ஒதுக்கப்படவில்லை. ஒதுக்கியிருக்க வேண்டும். ஏனென்றால் அதுவும் ஒரு தொழிலின் வரலாறு.

பழைய தமிழ் ஊர்களில் விழா நடத்துவது பரம்பரைச் சொத்து போன்றது. பத்து நாள் திருவிழா என்றால் முதல் நாள் மண்டகப்படி யாருடையது, தேர் எந்தத் தெருவில் திரும்பும், முட்டுக்கட்டை யார் போடுவார், மேளக்காரர் எங்கே நின்று வாசிப்பார் என்பதெல்லாம் யாரும் எழுதிவைக்காமலே எல்லாருக்கும் தெரியும். இடத்தைத் தேட வேண்டியதே இல்லை. தேரடியும் சன்னதித் தெருவும் குளக்கரையும் இருக்கின்றன.

நெய்வேலி நகரியத்தில் இவற்றில் எதுவும் இல்லை. ஊரை வட்டங்களாகப் பிரித்து எண் கொடுத்துக் கட்டினார்கள். முகவரி கேட்டால் வட்ட எண், தெருப் பெயர், வீட்டு எண்தான் வரும். தஞ்சாவூர்க்காரரும் திருநெல்வேலிக்காரரும், மலையாளியும் தெலுங்கரும் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். மண்டகப்படி உரிமை எவருக்கும் கிடையாது. நவராத்திரிக் கச்சேரியோ, பொங்கல் விளையாட்டோ, நாடகமோ எதுவானாலும் ஒரு குழு அமைத்து, வசூல் செய்து, நிறுவனத்திடம் இடத்துக்கு எழுதிக்கொடுத்து, அனுமதி வாங்கித்தான் நடத்த வேண்டும். நகரியத்தின் முதல் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள் அந்தக் குழுச் செயலாளர்கள்தான். பகலில் ஃபோர்மேன், எழுத்தர், ஆசிரியர். மாலையில் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்குபவர். தொழிற்சங்கங்களும் மொழிவாரிச் சங்கங்களும் இசை ஆர்வலர்களும் இப்படித்தான் ஆள் தயாரித்தன. நெய்வேலி சந்தானகோபாலன், மிருதங்கக் கலைஞர் நெய்வேலி வெங்கடேஷ் என்று ஊர்ப்பெயரைத் தாங்கிய கலைஞர்கள் இந்த வயது குறைந்த ஊரிலிருந்து சென்னை மேடைகளுக்குப் போனது சும்மா நடக்கவில்லை. ஜமக்காளம் விரிக்கவும் ஹார்மோனியப் பெட்டி தூக்கவும் சம்பளமில்லாத ஆட்கள் ஊருக்குள் இருந்தார்கள்.

ஒரே விதிவிலக்கு வில்லுடையான்பட்டு. நகரியத்துக்கு முந்திய ஊர் அது. கையில் வில்லேந்திய முருகன். பங்குனி உத்திரத்தன்று சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து காவடியும் பால்குடமுமாகக் கூட்டம் வந்து குவியும். அன்றைக்கு வட்ட எண்களெல்லாம் மறந்துபோகும். தென்னார்க்காட்டுக் கிராமத் திருவிழா ஒன்று அளவெடுத்துக் கட்டிய நகரியத்தின் நடுவே நடக்கும். காவடி வரும் பாதை, தண்ணீர்ப் பந்தல், முடிகாணிக்கை இடம் எதையும் யாரும் புதிதாக வகுக்க வேண்டியதில்லை. மற்ற முந்நூற்றுச் சொச்ச நாளும் குழு கூட்டி யோசிக்க வேண்டியிருந்தவற்றை அந்த ஒரு நாள் தானாகவே செய்துகொள்ளும்.

குழு வேலையில் மிகச் சிக்கலானது நேரம் குறிப்பது. சுரங்கமும் அனல்மின் நிலையமும் மூன்று ஷிஃப்டில் ஓடுபவை. மாலை ஆறரைக்குக் கச்சேரி வைத்தால் இரண்டாம் ஷிஃப்டுக்காரர் வர முடியாது. ஒன்பது மணிக்கு மேல் நாடகம் வைத்தால் இரவு ஷிஃப்டுக்காரர் பாதியில் எழுந்து போவார். விடிகாலை ஷிஃப்டுக்காரர் உட்காரவே மாட்டார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்றாக்கிய பிறகு பிந்தித் தொடங்கும் வழியும் அடைபட்டது. பல நாள் நீளும் விழாக்கள் இந்த ஊருக்குப் பொருந்தி வந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். ஷிஃப்டு வாராவாரம் மாறும். இந்த வாரம் தவறினால் அடுத்த வாரம் பிடித்துக்கொள்ளலாம்.

இதே சிக்கலுக்குப் பக்கத்து ஊரில் ஒரு பழைய விடை இருக்கிறது. வடலூரில் வள்ளலார் 1867இல் தருமச்சாலையையும் 1872இல் சத்திய ஞானசபையையும் தொடங்கினார். தைப்பூசத்தன்று ஏழு திரை நீக்கி ஜோதி காட்டுவது ஒரே ஒரு முறை அல்ல. காலையில் தொடங்கி மறுநாள் விடியும் வரை பல காலங்களாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். கூட்டம் ஒரே நேரத்தில் ஒரே வாசலில் மோதாது. சோறு தருமச்சாலையில் எந்நேரமும் உண்டு. சபையைச் சுற்றிப் பெருவெளி என்னும் திறந்தவெளி, உட்காரவும் படுக்கவும் காத்திருக்கவும். பெருங்கூட்டத்தைக் கையாள்வது பற்றி இன்றைய ஈவென்ட் மேனேஜ்மென்ட் வகுப்புகளில் சொல்லித்தருவது முக்கால்வாசி இதில் அடங்கிவிடும். அந்தப் பெருவெளியில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட அரசு 2024இல் முனைந்தபோது, அன்று வள்ளலாருக்கு நிலம் கொடுத்த பார்வதிபுரத்தின் மக்கள் எதிர்த்து நின்றார்கள். வெறும் இடம் என்று அதிகாரிகளுக்குத் தோன்றியது, மக்களுக்கு விழா நடக்கும் இடமாகவே இருந்தது.

குழுவுக்குச் சம்பளம் இல்லை; ஆனால் பந்தலுக்கும் மைக்குக்கும் சமையலுக்கும் காசு கொடுத்தே ஆக வேண்டும். நகரியத்துக்குள் நிலமெல்லாம் நிறுவனத்துடையது என்பதால் வாடகைப் பாத்திரக் கடையும் சவுண்ட் சர்வீஸும் கல்யாண மண்டபமும் வேலிக்கு வெளியேதான் பெருகின. மந்தாரக்குப்பம், இந்திரா நகர், வடக்குத்து, வடலூர், பண்ருட்டி. நகரியம் கூட்டம் சேர்த்தது, வெளியூர் பிழைத்தது.

பந்தல்காரருக்குக் கடலூர் மாவட்டம் வசதியான பூமி. கடற்கரை ஓரம் முழுக்கச் சவுக்குத் தோப்பு. நேரான, கனமில்லாத, விலை மலிந்த கழி. ஈசான மூலையில் குழி தோண்டி, நவதானியம் போட்டு, மஞ்சள் குங்குமம் தடவிய கழியின் தலையில் மாவிலைக் கொத்து கட்டிப் பந்தக்கால் நட்டதும் வேலை தொடங்கும். சவுக்குக் கால்களை வரிசையாக ஊன்றி, குறுக்கே மூங்கில் போட்டு, கயிற்றால் முடிவார்கள். ஆணி கிடையாது; பிரிக்கும்போது கழி பழுதில்லாமல் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். மேலே ஏறியவர் கால் விரலால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் முடிச்சுப் போடுவார். கீழிருந்து ஒருவர் கீற்றைச் சுழற்றி எறிய, மேலிருப்பவர் பார்க்காமலே பிடிப்பார். கீற்றின் அடி நுனி மாறாமல் ஓட்டு வரிசைபோல் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். படியாவிட்டால் மழையன்று சாப்பாட்டு இலையில் சொட்டும். இடத்தைக் காலால் நடந்தே அளந்து, எத்தனை கழி, எத்தனை கட்டுக் கீற்று என்று நின்ற இடத்தில் சொல்லிவிடுகிற மேஸ்திரிகள் இருந்தார்கள். அவர்கள் கையில் வரைபடம் இருந்ததில்லை.

மைக் செட்டின் கதை இன்னும் சுவையானது. காங்கிரஸ் மாநாடுகளில் தலைவர் பேச்சு கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று நானிக் மோட்வானே என்பவரின் சிகாகோ ரேடியோ நிறுவனம் 1931 கராச்சி மாநாட்டுக்கு ஒலிபெருக்கி அமைத்தது. 1940இல் டெல்லியில் தொடங்கிய அகூஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயரும் கூம்பும் பிறகு தமிழ்நாட்டின் எல்லாச் சவுண்ட் சர்வீஸ் கடையிலும் ஏறின. கட்சிக் கூட்டம்தான் இந்தத் தொழிலுக்குச் சோறு போட்டது. காது குத்துக்கும் கல்யாணத்துக்கும் அது பின்னால் வந்தது. தென்னை மரத்து உச்சியில் கூம்பைக் கட்டி, சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டைப் போட்டால் சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் அழைப்பிதழ் போய்விட்டது என்று அர்த்தம். நகரியத்துக்குள் மின்வெட்டு அபூர்வம் என்பதும் சவுண்ட் சர்வீஸ்காரருக்கு ஒரு வசதி. 2012ஐ ஒட்டித் தமிழ்நாட்டு மாவட்டங்கள் பல மணி நேர மின்வெட்டில் வாடியபோது, மற்ற ஊர்களில் நிகழ்ச்சிச் செலவில் ஜெனரேட்டர் வாடகையும் டீசலும் தனிப் பெரும் வரியாக ஏறிக்கொண்டன.

கீற்றுப் பந்தலுக்கு முடிவு கட்டியது தீ. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைக் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து, நெரிசலும் சேர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடிக் கீற்றுப் பந்தலில் தீ. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீ, 94 பிள்ளைகள். இந்த மூன்றுக்கும் பிறகு கீற்று என்றாலே அதிகாரிகள் முகம் மாறியது. தகரப் பந்தலும் ஷாமியானாவும் இரும்புச் சட்டமும் வந்தன. கீற்று ஓட்டத் தெரிந்த கைகளுக்கு வேலை போயிற்று. போல்ட் முடுக்கத் தெரிந்த கைகளுக்கு வந்தது. நிழல் மட்டும் முன்புபோல் இல்லை. மே மாதம் தகரத்தின் கீழ் உட்கார்ந்தவருக்குத் தெரியும்.

காற்றும் கணக்குப் பார்க்க வைத்தது. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நகரியத்தின் பெருமையான நிழல் மரங்களும் கொத்துக் கொத்தாக விழுந்தன. மரத்தடியை நம்பித் திட்டமிட்ட திறந்தவெளிகள் ஒரே இரவில் வெட்டவெளியாகின. இந்த வட்டாரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளி நிகழ்ச்சிக்கு முன்பணம் வாங்குகிறவர் துணிச்சல்காரர். தை, மாசி, பங்குனி நல்ல காலம். சித்திரை, வைகாசி வெயில். ஆனி, ஆடியில் மாலை இடிமழை ஒன்றிரண்டு வந்தாலும் சமாளிக்கலாம்.

ஆண்டு முழுவதும் தவறாமல் வந்த வேலை ஒன்று உண்டு. அது எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. பொதுத்துறை ஊழியர் ஓய்வு பெறுவது பிறந்த மாதத்தின் கடைசி நாளில். ஆகவே மாதக் கடைசி என்றால் நெய்வேலியில் பணி நிறைவு விழா. பணியிடத்தில் மாலை, சால்வை, வாழ்த்துரை. வீட்டு வாசலில் ஷாமியானா, சொந்தக்காரர்களுக்கு விருந்து. மத்திய பொதுத்துறை ஊழியரின் ஓய்வு வயதை 1998இல் 58இலிருந்து 60ஆக உயர்த்தியபோது இந்த விழாவுக்கு ஒரு துணை சேர்ந்தது. அறுபது நிறைந்தால் சஷ்டியப்த பூர்த்தி. அறுபது நிறைந்தால் ஓய்வும். இரண்டும் ஒரே பருவத்தில் வந்து விழுந்தன. திருக்கடையூருக்கு ஒரு வேன், அங்கே ஹோமமும் தாலிகட்டும், நெய்வேலியில் வரவேற்பு, கையோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்து வேலிக்கு வெளியே புது வீட்டுக்குப் பால் காய்ச்சுதல். மூன்று நிகழ்ச்சி, ஒரு சமையல்காரர், ஒரு போட்டோக்காரர், ஒரு வாடகைப் பாத்திரக் கடை. ஒரு குடும்பத்தின் முப்பது நாற்பது ஆண்டு நகரிய வாழ்க்கையை மூட்டைகட்டி வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இந்தத் தொழிலில் அடங்கும். கேட்டரிங் கணக்கில் தெரியாத பாரம் அது.

ஊரின் பெரிய சொந்த விழாவும் அதே 1998இல்தான் பிறந்தது. சென்னையில் 1977 முதல் புத்தகக் கண்காட்சி நடந்துவந்தது என்றாலும், மாவட்டத்துச் சுரங்க நகரியத்தில் ஒரு மின் நிறுவனம் பத்து நாள் புத்தக விழா எடுப்பது புதுசு. வட்டம் 11இல் லிக்னைட் அரங்க வளாகம். ஜூலைத் தொடக்கம். அந்த மாதத் தேர்வில் தெளிவு இருந்தது: சென்னைக் கண்காட்சி ஜனவரியில் முடிந்து பதிப்பாளர்கள் ஓய்ந்திருக்கும் நேரம்; பள்ளி திறந்தாயிற்று; அக்கினி நட்சத்திரம் போயிற்று; வடகிழக்குப் பருவமழைக்கு நாள் இருக்கிறது; சம்பளம் கைக்கு வந்த முதல் வாரம்.

பகலில் பள்ளிப்பிள்ளைகள், மாலையில் குடும்பங்கள். மேடையில் எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் பாராட்டு, நூல் வெளியீடு, பேச்சு, கலைநிகழ்ச்சி. தினமணியோடு சேர்ந்து நடத்திய சிறுகதைப் போட்டி வழியாக நெய்வேலி என்ற பெயர் இந்த ஊரைப் பார்த்திராத வாசகர்களின் வீட்டுக்கும் போனது. குறும்படப் போட்டியும் வந்தது. ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005இல் புத்தகத் திருவிழாவைத் தொடங்கியதற்கும், 2022இலிருந்து அரசே மாவட்டந்தோறும் நடத்துவதற்கும் முன்பாக, தலைநகருக்கு வெளியே புத்தகத்துக்குக் கூட்டம் வரும் என்பதை நெய்வேலி காட்டிவிட்டது. குவார்ட்டர்ஸ் ஊழியர்களின் ஓய்வுநேர உழைப்பும் வெளியூர் பந்தல்காரர்களின் கைத்திறனும் நிறுவனத்தின் பணமும் ஒரே இடத்தில் சேர்ந்து நடந்த விழா அது. நகரியத்தின் மிகச் சிறந்த நிகழ்ச்சி எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்லலாம்.

இடமே செய்தியாக மாறிய நிகழ்ச்சியும் இங்கே நடந்தது. 2002இல் காவிரி நீர் திறக்கக் கர்நாடகம் மறுத்தபோது, அம்மாநிலத்துக்கு நெய்வேலி மின்சாரம் போகக் கூடாது என்று தமிழ்த் திரையுலகம் போராட முடிவெடுத்தது. மெரினாவில் கூடியிருந்தால் ஏற்பாட்டாளர்களுக்கு வேலை பாதியாகியிருக்கும். பாரதிராஜா முன்னின்ற அந்தப் போராட்டம் அக்டோபர் 12 அன்று சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி நெய்வேலிக்கே வந்தது. மின்சாரம் பிறக்கும் வாசலில் நின்று கேட்பதற்கு வேறு எந்த மேடையும் ஈடாகாது. அந்தப் பேரணிக்கு வராத ரஜினிகாந்த் மறுநாள் சென்னையில் தனியாக உண்ணாவிரதம் இருந்தார். எந்த ஊரில் கூடுவது என்பதே அரசியல் நிலைப்பாடாகப் படிக்கப்பட்டது. நகரியத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆர்ச் கேட், க்யூ பாலம் என்று சொன்னாலே ஒப்பந்தத் தொழிலாளர் ஆர்ப்பாட்டமும் வாயிற்கூட்டமும் நினைவுக்கு வரும். 2013 ஜூலையில் பங்கு விற்பனையை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தபோதும், 2023 ஜூலையில் வளையமாதேவி வயல்களில் பயிரோடு வாய்க்கால் வெட்டியதை எதிர்த்துப் பெருங்கூட்டம் திரண்டு மோதலில் முடிந்தபோதும் ஊரின் கண் நிறுவன வாசலில்தான் இருந்தது.

2020 பிப்ரவரியில் வந்த கூட்டத்துக்கு அழைப்பிதழே கிடையாது. ‘மாஸ்டர்’ படப்பிடிப்பு சுரங்கத்தில் நடக்கிறது என்று கேள்விப்பட்டு ரசிகர்கள் வாசலில் குவிந்தார்கள். விஜய் வாகனத்தின் மேல் ஏறிக் கூட்டத்தோடு செல்ஃபி எடுத்தார். அந்தச் செல்ஃபி நாடெங்கும் போனது. தடுப்புக்கட்டை இல்லை, வழிகாட்டிப் பலகை இல்லை. நல்லபடியாகக் கலைந்தது. எல்லாக் கூட்டமும் அப்படிக் கலைவதில்லை. 2023 செப்டம்பரில் சென்னையை அடுத்த பனையூரில் ஏ.ஆர். ரஹ்மான் இசை நிகழ்ச்சியில் டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் திணறினார்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர்ப் பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். இடத்தின் கொள்ளளவு, உள்வழி, வெளிவழி, தண்ணீர், காத்திருக்கும் நேரம் ஆகிய ஐந்தையும் மேடை அலங்காரத்துக்கு முன்னால் எழுதாத ஏற்பாட்டாளரிடம் யாரும் கூட்டத்தை ஒப்படைக்கக் கூடாது.

விழாவுக்கு இடம் தேடுகிறவர்கள் நெய்வேலியில் இன்னும் தொடாத ஒன்று இருக்கிறது: வெட்டி முடித்து மண் நிரப்பிய சுரங்க நிலம். ஜெர்மனியில் கிரேஃபன்ஹைனிஷன் அருகே கோல்பா நோர்ட் என்ற பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் 1991இல் மூடப்பட்டது. உடைத்துப் பழைய இரும்பாக விற்க வேண்டிய ஐந்து ராட்சத இயந்திரங்களை வட்டமாக நிறுத்தி 1995இல் ஃபெரோபோலிஸ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகமாக்கினார்கள். நடுவில் 25,000 பேர் நிற்கும் அரங்கம். மெல்ட் என்ற இசை விழா 2024 வரை அங்கே நடந்தது. பள்ளத்தில் நீர் நிரம்பி ஏரியாகிவிட்டது. சக்கர வாளி இயந்திரம் நெய்வேலிக்காரர்களுக்குத் தெரியாததா? ஆயுத பூஜைக்கு வாழை கட்டிச் சந்தனம் தெளித்த அதே இனத்து இரும்பு அது. மீட்ட நிலத்தில் காடு வளர்த்து, பூங்காவும் படகுக் குளமும் நெய்வேலியிலும் அமைத்திருக்கிறார்கள்.

ஆனால் கோல்பா நோர்ட் மூடிய சுரங்கம். நெய்வேலியில் வேலை நடக்கிறது. வாசலில் மத்திய தொழில் பாதுகாப்புப் படை நிற்கிறது. நிரப்பிய மண் ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். கனமான மேடையும் ஒளிக் கோபுரமும் ஏற்றுமுன் மண் பரிசோதனை வேண்டும். சுரங்கப் போக்குவரத்தைத் தொடாத தனிச் சாலையும் மறுபக்கம் ஒரு வெளிவழியும் வேண்டும். ஃபெரோபோலிஸ் போலப் பல்லாயிரம் பேருக்கு யோசிப்பதைவிட, ஓய்வுபெற்ற இயந்திரம் ஒன்றன் எதிரே ஐந்நூறு பேர் உட்காரும் மாலை அரங்காகத் தை மாதத்தில் தொடங்குவது நடக்கக்கூடியது. முதல் நிகழ்ச்சியை நிலம் கொடுத்த கிராமங்களின் தெருக்கூத்துக் குழுக்களுக்கு ஒதுக்கலாம். தென்னார்க்காட்டுக் கூத்துக்கு விடியும் வரை நேரம் வேண்டும். மைக் இல்லாமல் ஆடிய பழக்கமும் அதற்கு உண்டு; இரண்டாம் ஷிஃப்டு முடித்து வருகிறவருக்கும் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்.